தீவன மூட்டைக்குள் யார்?

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நான்கு நாடுகளிலும் ஒரே பாக்டீரியாவால் பலருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. அதன் பெயர் சால்மொனெல்லா அகோனா. 1952-ல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரு மாட்டிடம்தான் அதை முதலில் கண்டார்கள். இத்தனை தூரத்தில் உள்ள நாடுகளுக்கு அது எப்படி ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது? துப்புத் துலக்கியவர்கள் கடைசியில் பெரு நாட்டு மீன்தூளில் போய் நின்றார்கள். அங்கே நெத்திலி வகை மீனை வேகவைத்து, உலர்த்தி, அரைத்துக் கப்பல் கப்பலாக அனுப்புவார்கள். அந்தத் தூளைக் கோழித் தீவனத்தில் கலந்தார்கள். தீவனத்திலிருந்து கோழிக்கும், கோழியிலிருந்து மனிதருக்கும் பாக்டீரியா போய்விட்டது.

ஆகவே கோழியைச் சோதித்தால் மட்டும் போதாது, அது தின்பதையும் சோதிக்க வேண்டும். இன்றைய ஆய்வகங்களில் இதற்கு மரபணு வரிசையைப் படிக்கிறார்கள். எப்படி என்று பார்ப்போமா?

மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் கலந்த ஒரு தீவன மூட்டையை எடுத்துக்கொள்வோம். குத்தூசியை மூட்டையில் செருகி மேலே, நடுவில், அடியில் என்று பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். பாக்டீரியா தீவனம் முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் கொத்தாக இருக்கும், மறு மூலையில் ஒன்றுகூட இருக்காது. எடுத்த தூளைக் கரைசலில் போட்டு, மிக நுண்ணிய கண்ணாடி மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்குவார்கள். பாக்டீரியாவின் சுவர் உடைந்து உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீளமான வரிசை. எல்லா பாக்டீரியாவிலும் ‘16-எஸ்’ என்ற ஒரு மரபணு உண்டு. சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத இடத்தைப் பிடித்துக்கொண்டு, மாறும் இடத்தைப் படித்தால் அது யாரென்று தெரிந்துவிடும். ஆனால் தூளில் கிடைக்கும் டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். அதனால் பி.சி.ஆர். என்ற முறையில் அதைப் பெருக்குவார்கள். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்ததில் நான்காகும். 30 சுற்றில் என்ன வரும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள், 107 கோடியைத் தாண்டும்!

இனி மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரம், தூளில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிட முடியாது என்பதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயம். பல சமயம் அதில் முதலிடத்தில் நிற்பது பாக்டீரியாவே அல்ல, மக்காச்சோளத்தின் பசுங்கணிகம்! 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட பாக்டீரியாவின் வாரிசுதான் பசுங்கணிகம். அதனால் அதனிடம் இன்றும் ஒரு 16-எஸ் இருக்கிறது. செடியின் இந்தப் பங்கை முதலில் கழித்துவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், சால்மொனெல்லாவும் ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவும் நெருங்கிய சொந்தம். 16-எஸ்-ஐப் படித்தால் தெருப் பெயர் வரை தெரியும், கதவு எண் தெரியாது. இன்னொன்றும் உண்டு. தீவனத்தைச் சூடாக்கியதில் செத்துப்போன பாக்டீரியாவின் டி.என்.ஏ.-யும் தூளில் மிஞ்சியிருக்கும். இயந்திரத்துக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான்.

எனவே பழைய முறையையும் கூடவே வைத்திருக்கிறார்கள். 25 கிராம் தீவனத்தைச் சத்து நீரில் போட்டு, சுமார் 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைப்பார்கள். உயிரோடு இருப்பது மட்டும் பெருகும். அதில் சால்மொனெல்லாவைப் பிரித்தெடுத்து, அதன் டி.என்.ஏ. முழுவதையும், அதாவது ஏறக்குறைய 48 லட்சம் எழுத்துகளையும் படிப்பார்கள். சால்மொனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இது எந்த வகை, எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதெல்லாம் இப்போது தெரியும்.

அதே அகோனா 1998-ல் அமெரிக்காவில் ஓட்ஸ் உணவு தயாரிக்கும் ஓர் ஆலையிலிருந்து பரவி, 200-க்கும் மேற்பட்டவர்களை நோயில் தள்ளியது. 2008-ல் அதே ஆலையிலிருந்து மறுபடியும் பரவியது. இரண்டு ஆண்டுகளிலும் கிடைத்த பாக்டீரியாவின் முழு வரிசையையும் பின்னாளில் ஒப்பிட்டபோது, அவை மிக மிக நெருங்கியவை என்று தெரிந்தது. புதிதாக எங்கிருந்தோ வந்ததல்ல. ஈரமில்லாத அந்த இடத்திலேயே பத்து ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது. தீவன ஆலையும் அப்படி உலர்ந்த, தூசி படிந்த இடம்தான். அதனால்தான் சோதிக்க வருபவர்கள் மூட்டையோடு நிற்பதில்லை. இயந்திரத்தின் இடுக்கு, தரை, சூடான தீவனத்தை ஆறவைக்கும் தொட்டி என்று எல்லா இடத்துத் தூசியையும் துடைத்தெடுத்துப் போகிறார்கள்.