நடவுக்கு ஆள் வேண்டுமா? பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளை வையுங்கள்

நாற்று முற்றுகிறது, நடவுக்கு ஆள் வரவில்லை. சம்பா பருவத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் நீங்கள் சொல்வது இதுதான். உங்கள் ஊரிலேயே நடத் தெரிந்த எத்தனை பெண்கள் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மணமான புதிதில் நடவுக்கு வந்தவர், முதல் பிரசவத்தோடு நின்றுவிடுகிறார். மாமியாரும் கூலிக்குப் போகிறவர் என்றால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. காலையிலேயே வயலில் இறங்க வேண்டும். அங்கன்வாடி திறப்பது அதற்குப் பிறகு. கைக்குழந்தையை அங்கே விடவும் முடியாது. இரண்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்பினால் குழுவில் வேறொருவர் இருப்பார், அல்லது நடவு இயந்திரம் வந்திருக்கும்.

நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. ஒரே தொழிலில் உள்ள ஆண், பெண் வருமான வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்ததும்தான் உண்டாகிறது என்று காட்டியவர், 2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின்.

தேயிலைத் தோட்டங்களில் 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். நெல் வயலுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருக்கும் கூலி உண்டு.

இதையே நாம் செய்யலாமே. 12 பேர் நடுகிற இடத்தில் 13-வதாக ஒருவர். குனிந்து நட முடியாத வயதான அம்மாவாகவும் இருக்கலாம். பக்கத்து வயல்காரர்கள் மூவர் ஒரே நாளில் நடவு வைத்தால் அந்தக் கூலி மூன்றாகப் பிரியும். வயது தாண்டிய நாற்றில் தூர் குறைந்து நீங்கள் இழப்பதைப் பார்த்தால், இது பெரிய செலவல்ல என்பேன்.

தூளியை வரப்போர மரத்தில் கட்ட வேண்டாம். வாய்க்கால், பாம்பு, வெயில், அடுத்த வயலில் தெளிக்கும் மருந்து எல்லாம் அங்கே உண்டு. மோட்டார் கொட்டகையும் ஆகாது, மின்சாரம் இருக்கும் இடம். ஊருக்குள் ஒரு திண்ணை போதும். தாய் நடுவில் போய்ப் பால் கொடுத்து வரட்டும். அதற்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். நாற்றின் வேரைப் பூச்சிமருந்துக் கரைசலில் நனைத்து நடும் நாளில், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள். சோப்பும் நல்ல தண்ணீரும் வைப்பது உங்கள் பொறுப்பு.