பழைய நூலகத்துக்கும் ‘திருப்பணி’ உண்டா? மும்பை பல்கலைக்கழகம் காட்டும் வழி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை கோபுரத்தில் செடி முளைத்தால், ‘திருப்பணி எப்போ?’ என்று ஊரே கேட்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் கோயில்களுக்கு இருக்கிறது. நூலகக் கட்டிடங்களுக்கு?

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில், சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கொடுக்க ஒருவர் முன்வந்தால் போதும். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மும்பை பல்கலைக்கழகம் அதை எப்படிச் சமாளித்தது?

என்ன கட்டிடம் இது?

ராஜாபாய் கடிகாரக் கோபுரமும் அதன் அடியில் உள்ள நூலகமும் 1869-ல் தொடங்கி 1878-ல் கட்டி முடிக்கப்பட்டன. வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். பணம் கொடுத்தவர் பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த். கோபுரத்துக்கு வைத்த பெயர் அவருடைய அம்மாவின் பெயர்.

சீரமைப்பில் என்ன நடந்தது?

கடற்காற்றும் மழையும் வாகனப் புகையும் கல்லையும் வண்ணக் கண்ணாடிகளையும் பதம் பார்த்திருந்தன. 2013 முதல் 2015 வரை நடந்த பணியில் கல் சுத்தம் செய்யப்பட்டது. கண்ணாடி ஓவியங்கள் மீட்கப்பட்டன. 2018-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது.

விரிசலுக்கு சிமென்ட் பூசினா போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுவர் உள்ளுக்குள் உதிரும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து சுண்ணாம்பு அரைத்த நம்மூர்க் கொத்தனார்களுக்கு இது புதிய விஷயமல்ல. நூலகத்தில் ஈரம் இன்னும் பெரிய எதிரி: பூஞ்சை அடுத்துப் போய் உட்காருவது புத்தகத்தில்தான்.

புத்தகம் பெருகினா எங்கே வைப்பது?

பழைய கட்டிடத்தை இடித்துப் பெரிதாக்கவில்லை. கலினா வளாகத்தில் ஜவாஹர்லால் நேரு நூலகம் தனியாக எழுந்தது. பழையது பழையதாகவே நிற்கிறது.

சரி, பணம்?

சீரமைப்புக்கு நிதி கொடுத்தது டாடா கன்சல்டன்சி சர்வீசஸ். அன்று கட்ட ஒரு வணிகர், இன்று காக்க ஒரு ஐடி நிறுவனம். ஆனால், இப்படி ஒருவர் வரும்வரை காத்திருந்தால் செலவு கூடிக்கொண்டே போகும். ஆண்டுதோறும் ஓடு மாற்ற, மழைநீர்க் குழாய் அடைப்பு எடுக்க ஒரு சின்னத் தொகை ஒதுக்கினாலே பெரிய பழுதைத் தள்ளிப்போடலாம்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பழைய நூலகத்துக்குப் போகும்போது, புத்தகம் எடுக்கும் முன் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால், அங்கேயும் கேளுங்கள்: ‘திருப்பணி எப்போ?’