கயிற்றை இழுக்கும் முன்...

180 வெள்ளி கொடுத்து வாங்கிய வண்டி, மூன்று வாரமாக எங்கள் வீட்டு முன்வாசலில் சும்மா கிடந்தது. நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் டிரக். சுங்கை பட்டாணியில் வீடு மாறிப் போகும் ஒருவரிடம் வாங்கினேன். "போன வருஷம் வரைக்கும் நல்லா ஓடுச்சு" என்றார். ஓட்டிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பதின்மூன்று வயது மகனும் நானும் தினமும் மாறி மாறி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தோம். ஒரு நாள் கயிறு பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. "விடுங்கப்பா, ஏமாந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். காசு போனதைவிட அந்த வார்த்தைதான் உறுத்தியது.

அன்று மாலை என் அப்பா வந்தார். பெடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் டிராக்டரும் புல்வெட்டும் மிஷினும் பழுதுபார்த்தவர். "கயித்த இழுக்கிறத நிறுத்து. முதல்ல இது என்ன வண்டின்னு கண்டுபிடி" என்றார்.

பெயர் எங்கே இருக்கும்?

மேல்கூட்டை நம்பக்கூடாது. அதை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். வண்டியைக் கவிழ்த்து அடித்தகடு, சக்கரத்தைத் தாங்கும் கைகள், டயரின் பக்கவாட்டு ஆகியவற்றைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். இஞ்சினில் 15, 18, 21 போன்ற எண் இருந்தால் அது இஞ்சினின் அளவு. 15 என்றால் சுமார் 2.5 சிசி, 18 என்றால் சுமார் 3 சிசி, 21 என்றால் சுமார் 3.5 சிசி.

1999இல் வந்த டிராக்சஸ் டி-மேக்ஸ், ஹெச்.பி.ஐ. சாவேஜ் போன்றவை புகழ்பெற்ற வண்டிகள். சீனத்து ஹெச்.எஸ்.பி. வண்டிகளோ பல பெயர்களில் விற்கப்படுகின்றன. எங்கள் வண்டியில் பெயரே இல்லை. இஞ்சினில் 18 என்ற எண் மட்டும் இருந்தது. படங்களோடு ஒப்பிட்டபோது அது ஹெச்.எஸ்.பி. வகை என்று தெரிந்தது. இது தெரியாமல் உதிரிப் பாகம் தேடிப் பயனில்லை.

பெட்ரோல் வாடை

அப்பா இஞ்சின் தலையிலிருந்த பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, கயிற்றை மெதுவாக இழுத்தார். உள்ளே தேங்கியிருந்த எரிபொருள் பீறிட்டு வந்தது. கயிறு இறுகியதற்கு அதுதான் காரணம். பலமாக இழுத்திருந்தால் இஞ்சினின் உள்பாகம் வளைந்திருக்கும்.

வந்ததை முகர்ந்தவர் என்னைப் பார்த்தார். "பெட்ரோலா ஊத்துன?"

ஆமாம். புல்வெட்டும் மிஷினைப் போல இதுவும் டூ ஸ்ட்ரோக்தானே என்று, பெட்ரோலில் டூ-டி எண்ணெய் கலந்து ஊற்றியவன் நான்தான். இதில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. இதிலிருப்பது குளோ பிளக். அதன் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை மெத்தனால்தான் தொடர்ந்து கனிய வைக்கும். பெட்ரோலுக்கு அது முடியாது. ஆகவே மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த நைட்ரோ எரிபொருளை மட்டுமே ஊற்ற வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பிளக்: 1.5 வோல்ட் இக்னைட்டரை மாட்டினால் சுருள் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று கனிய வேண்டும். எங்களுடையது அறுந்திருந்தது.

இறுக்கம்: இஞ்சின் ஆறியிருக்கும்போது, பிளக்கை மாட்டிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நன்றாகப் பிடிக்க வேண்டும். வழவழவென்று சுற்றினால் இஞ்சின் தேய்ந்துவிட்டது என்று பொருள். பழைய வண்டி வாங்குவோர், காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. நல்லவேளை, எங்களுடையது பிடித்தது.

குழாய்: எரிபொருள் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்று புகுந்து இஞ்சின் அணைந்துவிடும். மாற்றினோம். காற்று வடிகட்டியையும் கழுவி, எண்ணெய் தடவினோம்.

பேட்டரி: வண்டிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் ரிமோட்டுக்கு வண்டி அடங்காமல் போகலாம். வேகமாக வந்து காலில் மோதினால் எலும்பு முறியும். இஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

ஊசித் திருகு: எரிபொருளைக் குறைத்தால் வேகம் கூடுவதுபோல் தெரியும், ஆனால் இஞ்சின் சூடேறிப் பழுதாகும். ஓடும்போது மெல்லிய நீலப் புகை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

போத்தலில் எழுதி வையுங்கள்

முக்கியமான ஒன்று. மெத்தனால் விஷம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். தோட்டத்தில் சம்சுவின் கொடுமையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த எரிபொருளை ஒருபோதும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே வைத்து, 'விஷம்' என்று எழுதி, அலமாரியைப் பூட்டுங்கள். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அருகில் சிகரெட்டும் வேண்டாம்.

பிளக், குழாய், எரிபொருள் என்று மேலும் 110 வெள்ளி செலவானது. மறு ஞாயிறு காலை தோட்டத்துத் திடலுக்குப் போனோம். நான்காவது இழுப்பில் இஞ்சின் கிளம்பியது. புகையைப் பார்த்த அப்பா, "இன்னும் கொஞ்சம் எண்ண குடு" என்றார். மகன் ஊசித் திருகைக் கால் சுற்று திறந்தான்.

திரும்பும்போது தொட்டியைக் காலி செய்து, இஞ்சினுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டவனும் அவன்தான். யாரும் சொல்லவில்லை.