தெளிந்த நீரெல்லாம் குடிநீராகுமா?

"ஹழ்ரத், ஒளூவுக்கு ஆகும் தண்ணீர் குடிக்கவும் ஆகும்தானே?" தஹாரத் பாடத்தின்போது மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. "ஆம்" என்று சொல்ல என் நா எழவில்லை. அதற்கு முந்திய மழைக்காலத்தில், ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தது நினைவில் நின்றது. கிணற்று நீரோ கண்ணாடி போலிருந்தது. பரிசோதித்தபோது அதில் மலக்கிருமி இருந்தது. கிணற்றுக்கு மேற்புறச் சரிவில் கழிப்பறைக் குழியை வெட்டியவன் நானேதான்!

வாசகர்களே, நீரின் நிறம், சுவை, மணம் மாறியுள்ளனவா என்று பார்க்கும்படி பிக்ஹு நூல்கள் கற்பிக்கின்றன. அது வணக்கத்திற்குரிய தூய்மையின் அளவுகோல். நோய்க்கிருமியோ இம்மூன்றையும் மாற்றாமலே நீரில் கலந்திருக்கும். 1854இல் லண்டன் பிராட் தெருக் குழாயடியில் காலரா பரவியதை டாக்டர் ஜான் ஸ்னோ கண்டறிந்தார். அந்நீரின் சுவையை விரும்பி, தொலைவிலிருந்தும் வரவழைத்துக் குடித்த மூதாட்டி ஒருவரும் அந்நோய்க்கு இரையானார்.

சேர்வராயன் மலையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. இம்மலை சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. மேலே படிந்த மண்ணிலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்கும். வெடிப்பு வழியே ஓடும் நீர் மண்ணில் வடிகட்டப்படுவதில்லை. எனவே மேட்டிலுள்ள கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம், தோட்டத்து உரம் ஆகியவற்றின் கசிவு மழையோடு பள்ளத்துக் கிணற்றை எளிதில் அடையும்.

ஆதலால் ஆண்டுக்கொரு முறையேனும், குறிப்பாக மழைக்குப் பின், நீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்ட அளவில் பரிசோதனைக்கூடங்கள் உண்டு. கிருமிச் சோதனைக்குக் கூடத்தார் தரும் தூய்மையாக்கப்பட்ட புட்டியையே பயன்படுத்துங்கள். அதன் உட்புறத்தில் விரல் படலாகாது. எடுத்த நீரைக் குளிர்ச்சியாக வைத்து 6 மணி நேரத்திற்குள் சேர்ப்பது நன்று. காலையில் புறப்பட்டால் சேலத்திற்கு இது எளிதே.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லி லிட்டர் குடிநீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது. லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமை மிஞ்சலாகாது. மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் உடல் நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது என்பதைத் தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டும்.

கிணறு கழிவுக் குழியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, மேட்டுப்புறத்தில் இருக்கட்டும். உறையை வெடிப்பின்றிப் பூசி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, சுற்றிலும் 1 மீட்டர் அகலத்திற்குச் சிமெண்டுத் தளமும் வடிகாலும் அமையுங்கள். மூடி போடுங்கள். கிணற்றடியில் துணி துவைக்காதீர்கள்.

கிருமி நீக்கப் பிளீச்சிங் பவுடர் போதும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் வேண்டும். பவுடரை வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறொரு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது நீர் இறைக்காதீர்கள். இரவில் செய்து காலையில் இறைப்பது சிறந்தது. நீர் கலங்கியிருந்தால் முதலில் இறைத்துத் தெளியவிடுங்கள்.

ஆனால் மருந்து மட்டும் தீர்வாகாது. எங்கள் கிணற்றில் மருந்திட்ட பின்னும் கிருமி திரும்பியது. கழிப்பறைக் குழியை மூடிச் சரிவின் கீழே மாற்றிய பிறகே பரிசோதனை முடிவு நல்லதாக வந்தது.

மதீனாவில் ரூமா கிணற்றைத் தம் சொந்தப் பொருளால் வாங்கி மக்கள் யாவருக்கும் வழங்கினார்கள் உதுமான் (ரலி) அவர்கள். நம் கிணற்றிலும் அண்டை வீட்டார் குடம் நிறைத்துச் செல்கின்றனர். அவர்களுக்கு நாம் அளிப்பது தருமமா, நோயா? அதை அறிந்து கொடுப்பதும் அமானிதமே.