பெயர் மாறும் மென்பொருட் பொதிகள்

லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருள் தனித்தனிப் பொதிகளாகவே வருகிறது. அத்தகைய வழங்கல்களில் ஒன்றான டெபியனின் விதிப்படி, பொதியின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, இலக்கம், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி ஆகியவை மட்டுமே வரலாம். ஒரு பொதி தனக்குத் தேவையான இன்னொன்றைக் கேட்பதும், தரமுயர்த்தும்போது புதிய பதிப்பு தேடப்படுவதும் இந்தப் பெயரைக் கொண்டுதான். பெயர் மாறினால் கணினிக்கு அது வேறொரு பொதி. பழையது இயந்திரத்தில் அப்படியே கிடக்கும். அதற்குப் புதிய பதிப்பு எதுவும் வராது.

தமிழ் எழுத்துருப் பொதிகளுக்கு இந்தப் பெயர்மாற்றம் நேர்ந்தது. டெபியனில் அவை முன்பு 'டிடிஎஃப்' என்ற முன்னொட்டுடன், கோப்பின் வகையை வைத்தே பெயரிடப்பட்டிருந்தன. ஓப்பன்டைப் என்ற வேறு வகை எழுத்துருக்கள் பெருகியதும் அந்தப் பெயர் பொருந்தாமல் போனது. ஆகவே எல்லாம் 'ஃபான்ட்ஸ்' என்ற பொது முன்னொட்டின் கீழ் வந்தன. லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் சிங்கள எழுத்துருவும் இப்போது அந்த வரிசையில்தான் இருக்கிறது.

மாற்றம் பயனரை உலுக்காமல் நடக்க, பழைய பெயரில் வெறும் பொதி ஒன்று விடப்படுகிறது. அதற்குள் எழுத்துரு இல்லை; புதிய பொதி தேவை என்ற குறிப்பு மட்டுமே உண்டு. தரமுயர்த்தும்போது அந்தக் குறிப்பே புதியதை இழுத்து வருகிறது. இரண்டும் ஒரே கோப்புக்கு உரிமை கோராதபடி, குறிப்பிட்ட பதிப்புக்கு முந்தைய பழைய பொதியின் கோப்புகளைத் தான் ஏற்பதாகவும், அதனோடு சேர்ந்து இயங்க முடியாதென்றும் புதிய பொதி அறிவிக்கிறது. பதிப்பு எண்ணைக் குறிப்பிடுவது மிக அவசியம். அது இல்லாவிட்டால் பழைய பெயரில் விடப்பட்ட வெறும் பொதியோடும் மோதல் எழும். மற்றொரு வழங்கலான ஃபெடோராவில் வெறும் பொதி இல்லை. பழையது வழக்கொழிந்தது என்பதைப் புதிய பொதியே சொல்லிவிடுகிறது. ஆனால் பெயர் மாறிய பொதி அங்கே மீண்டும் பரிசீலனைக்குப் போக வேண்டும். அந்தக் கண்டிப்பு நியாயமானது.

சிக்கலான பெயர்மாற்றம், நிரல்களின் பதிப்புகளைக் கண்காணிக்கும் 'கிட்' என்ற கருவியுடையது. டெபியனில் அந்தப் பெயரை வேறொரு கோப்பு மேலாண்மைக் கருவி முன்பே வைத்திருந்ததால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட் 'கிட்-கோர்' என்ற பெயரில் இருந்தது. முந்தைய கருவி வேறு பெயருக்கு நகர்ந்த பிறகே, 2011 பெப்ரவரியில் வெளியான டெபியன் 6இல் கிட்டுக்குத் தன் பெயர் கிடைத்தது.

வெறும் பொதி நெடுநாள் நிற்பதில்லை. ஒரு நிலையான வெளியீட்டைக் கடந்ததும் அது நீக்கப்படலாம். பதுளை ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டப் பகுதிகளில் பாடசாலைக் கணினியொன்று ஆண்டுக்கணக்கில் தரமுயர்த்தப்படாமல் இருந்தால், இடையில் வந்துபோன அந்தப் பொதி அதற்குக் கிடைக்காது. டெபியனும் வெளியீடுகளைத் தாண்டிக் குதிப்பதை ஆதரிப்பதில்லை. அத்தகைய கணினியை ஒவ்வொரு வெளியீடாக ஏற்றிவர வேண்டும், அல்லது புதிய பெயரில் எழுத்துருவைத் தனியே நிறுவ வேண்டும்.