கூரையும் மீட்சியும்

கணவனின் அடிக்கு அஞ்சி நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறும் பெண், பெரும்பாலும் எதையும் எடுத்துக்கொண்டு செல்வதில்லை. போக்கிடம் இல்லாவிடில் தெருவே அவளுக்குத் தங்குமிடமாகிறது. அங்கு இரவு என்பது உறங்கும் நேரமன்று. விழித்திருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் நேரம். பட்ட அடிகளின் நினைவையும் அச்சத்தையும் மழுங்கச் செய்ய அவள் மதுவை நாடக்கூடும். குடித்திருப்பதனாலேயே மீண்டும் தாக்குதலுக்கு எளிதில் இரையாகிறாள். அத்தாக்குதல் அவளை மேலும் குடிக்கத் தூண்டுகிறது. இதனை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவோர், காரணத்தை விட்டுவிட்டு விளைவைப் பழிக்கின்றனர்.

முதலில் குடியை விட வேண்டும். அதன் பின்னரே வீடு. நெடுங்காலம் பல நாடுகளில் இதுவே நடைமுறையாக இருந்தது. கேட்பதற்கு முறையாகத் தோன்றும் இந்நிபந்தனை, உடலின் இயல்பை எண்ணிப் பார்க்கவில்லை. மது மூளையின் செயலை மந்தப்படுத்துவது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, அம்மந்தத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். பின்னர்ச் சிலருக்கு, இல்லாதவற்றைக் காணும் கடும் மனக்குழப்பம் உண்டாகும். மருத்துவம் கிட்டாவிடில் உயிரும் போகலாம். மருத்துவக் கண்காணிப்பும் படுக்கையும் தேவைப்படும் இச்செயலை நடைபாதையில் கிடப்பவர் தனியே செய்துமுடிக்க வேண்டும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

1992 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலாளர் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். மனநோயுடன் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் வாடகை வீடு அளிக்கப்பட்டது. அவர்களுள் பலர் குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஆட்பட்டிருந்தவர்கள். குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மருத்துவ உதவியும் ஆலோசனையும் வீடு தேடி வந்தன. 'வீடே முதலில்' என்னும் இம்முறையைப் பின்லாந்து 2008 முதல் நாட்டின் கொள்கையாகவே ஏற்றது.

இம்முறை குடியைத் தானாகவே ஒழித்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. 2009 முதல் 2013 வரை கனடாவின் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேரிடம் இது ஆராயப்பட்டது. வீட்டில் நிலைத்து வாழ்வதில் பெரும் முன்னேற்றம் காணப்பட்டது. போதைப் பழக்கத்திலோ பிற உதவிகளைப் பெற்றவர்களைக் காட்டிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வீடு மருந்தன்று; மருந்து வேலை செய்வதற்கான இடம்.

வன்முறைக்குத் தப்பிய பெண்ணுக்கு அவ்விடத்தின் பொருள் இன்னும் ஆழமானது. ஆண்களும் பெண்களும் ஒருங்கே தங்கும் விடுதியில் பழைய அச்சமே அவளைத் தொடரும். அவளுக்கு வேண்டுவன, உட்புறம் தாழிடத்தக்க கதவு, அவளிடமே இருக்கும் சாவி, தாக்கியவன் அறியாத முகவரி ஆகியன. அச்சமின்றி உறங்கத் தொடங்கிய பின்னரே, நடந்தவற்றை அவளால் ஆலோசகரிடம் சொல்ல இயலும்.

மீட்சியின் பாதையில் மீண்டும் குடித்துவிடுவது அரிதன்று. பழைய நடைமுறையில் அந்நாளே அவள் தெருவுக்குத் திரும்ப நேரிடும். இம்முறையிலோ வீடு அவளுடையதாகவே இருக்கும். மறுநாள் காலை வரும் செவிலியர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அறிவார்.