முடுக்கினால் நடுங்கும் எஞ்சின்

குளிர்காய்ச்சல் கண்டவன் நடுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வண்டிக்கும் அப்படியொரு நடுக்கம் உண்டு. நின்றுகொண்டு ஓடும்போது அது வராது. மெல்லச் செல்லும்போதும் வராது. அவசரத்திற்கு முடுக்கும்போது மட்டும் வரும். அதை நான் பட்டறிந்தேன். அதன் காரணத்தைத் தேடிய வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர்கள் கொண்ட சிறிய பெட்ரோல் கார், டர்போ பொருத்தியது. 2023ஆம் ஆண்டில் ஒரு நாள் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குச் சென்றுகொண்டிருந்தேன். இருவழிச் சாலை, முன்னே கரும்பு ஏற்றிய லாரி. எதிர்ப்புறம் வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தினேன். வண்டி பாயவில்லை, கிடுகிடுவென நடுங்கிற்று. லாரிக்கு இணையாக வந்துவிட்டேன். தொலைவில் வளைவைத் தாண்டி ஒரு பஸ் வருகிறது. காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, மறுபடியும் லாரியின் பின்னே ஒதுங்கினேன். பின்னிருக்கையில் ஒருவரும் பேசவில்லை. எஞ்சின் படம் பொறித்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவ்விளக்கு நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, விலையுயர்ந்த அந்த உறுப்பையே கெடுத்துவிடும். ஆதலால் முடுக்காமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

முதலில் பார்த்த பழுது நிலையத்தில், டர்போ கெட்டுவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆயினும் நான் இணங்கவே இருந்தேன். டர்போ வேலை செய்யும் நேரத்தில்தான் நடுக்கம் வருகிறது. ஆகவே குற்றம் டர்போவினுடையது என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது. பௌதிகம் கற்பிக்கிறவன் இவ்வளவு எளிதில் ஏமாறலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஏமாந்தேன்.

டர்போவின் வேலை என்ன? வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. நிமிஷத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. ஸ்விட்ஸர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905ஆம் ஆண்டிலேயே இவ்வகை எண்ணத்திற்குக் காப்புரிமை பெற்றார். மிகுந்த காற்று, மிகுந்த பெட்ரோல், மிகுந்த வலிமை. ஆனால் இந்த வலிமை சும்மா கிடைப்பதில்லை.

சிலிண்டருக்குள் நெருக்கம் மிகுந்துவிட்டதல்லவா? அந்த நெருக்கத்தினூடே பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மின்பொறி பாய வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஓட முயல்கிறவன் இரண்டடிக்கு ஒருவர்மேல் மோதி வேகத்தை இழப்பது போல, எலெக்ட்ரான்களும் அடுத்தடுத்து மூலக்கூறுகளில் மோதி ஆற்றலை இழக்கின்றன. அவற்றைப் பாயச் செய்ய வோல்ட்டைக் கூட்ட வேண்டும். வாயுவின் அழுத்தமும் முனைகளின் இடைவெளியும் சேர்ந்தே தேவையான வோல்ட்டை நிர்ணயிக்கின்றன என்பதை 1889இல் ஜெர்மானியரான பாஷன் காட்டினார். மெல்ல ஓடும்போது 10,000 வோல்ட் அளவில் பாயும் பொறி, முழு அழுத்தத்தில் 20,000, 30,000 என்று கேட்கும். அவ்வளவையும் தரவேண்டியது காயில் என்னும் சுருள். அதன் உறையில் மெல்லிய விரிசல் இருந்தால், அணையின் பலவீனமான இடத்தில் நீர் உடைத்துக்கொள்வது போல, மின்சாரம் பக்கவாட்டில் உலோகத்திற்குத் தாவிவிடும். பொறி இல்லை; எரிதல் இல்லை. இதைத்தான் தொழிலாளர் ‘மிஸ்ஸிங்’ என்கின்றனர்.

ஆக, டர்போ நன்றாக இருந்தால்தான் இக்குறை வெளிப்படும்! இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவர், நண்பர் காட்டிய ஒரு முதிய மெக்கானிக். “ஐயா, எதையும் கழற்றும் முன் வண்டியையே கேட்டுப் பார்ப்போம்” என்று ஸ்கேனரைச் செருகினார். பி0302 என்ற எண் தெரிந்தது. இரண்டாம் சிலிண்டர் தவறுகிறது என்பது அதன் பொருள்.

எந்தச் சிலிண்டர் என்பது எப்படித் தெரிகிறது? கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஓர் உணர்கருவி கண்காணிக்கிறது. ஒவ்வொரு எரிதலும் தண்டை உந்தும். எரிதல் தவறினால், அடுத்த பற்கள் சிறிது தாமதித்து வரும். நிமிஷத்திற்கு 2,400 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 20 தடவை எரிய வேண்டும். ஒன்று முற்றும் தவறினால் வினாடிக்கு 20 உதறல். நாங்கள் இருக்கையில் உணர்ந்தது அதுவே.

டர்போவிலிருந்து காற்று வரும் குழாய்களில் கசிவில்லை என்றும், பெட்ரோலின் அழுத்தம் குறையவில்லை என்றும் பார்த்துக்கொண்டார். சக்கரத் தண்டின் மூட்டு தேய்ந்தாலும் முடுக்கும்போது வண்டி உதறுவதுண்டு. ஆனால் அதற்கு விளக்குச் சிமிட்டாது. பின்பு இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றிப் பொருத்தினார். பிளக்குகளைத் தொடவில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணமென்று சொல்ல முடியாதல்லவா? ஏற்றமுள்ள சாலைக்குச் சென்று, மூன்றாம் கியரில் முடுக்கச் சொன்னார். நடுக்கம் வந்தது, எண் பி0303 என்று மாறியிருந்தது. குறை காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது.

காயிலை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவரோ இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். வெண்பீங்கானின்மேல் பென்ஸிலால் இழுத்தாற் போன்ற கருங்கோடு; மின்சாரம் தாவிய தடம். முனைகளின் இடைவெளியை அளந்தார். கையேட்டின்படி 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து 1 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. அகன்ற இடைவெளி ஓயாமல் மிகுந்த வோல்ட் கேட்டதனால்தான் காயிலின் உறை விட்டுக்கொடுத்தது என்றார் அவர். பழைய பிளக்கை அப்படியே விட்டால், அக்கருங்கோடு புதுக் காயிலையும் கெடுக்குமாம். “மாற்ற வேண்டிய தூரம் எப்போதோ கடந்துவிட்டதே, ஐயா” என்றார். கையேடு காரிலேயே இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

மூன்று பிளக்குகளும் ஒரு காயிலும் மாற்றினோம். அதே ஏற்றத்தில், அதே கியரில் மூன்று முறை முடுக்கினேன். ஸ்கேனரில் தவறிய எரிதல்களின் எண்ணிக்கை மூன்று சிலிண்டருக்கும் சுழியாகவே நின்றது.